நான் அழிச்ச மஞ்சக் கோடு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி, எங்க ஹால்ல மூணு வருஷமா தொங்கிட்டிருந்த படத்தைக் கழட்டி, கண்ணாடிப் பக்கம் உள்ள போற மாதிரி சுவத்தோட சாய்ச்சு வச்சேன். "ஏன், ஆணி லூஸாயிடுச்சா?"ன்னு வீட்டுல கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன், அந்த நேரத்துல வேற எதையும் விளக்கிச் சொல்ற தெம்பு இல்ல. 36 இஞ்ச் அகலத்துல நல்ல மேட் பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, மரச் சட்டம் போட்டு ஆசையா மாட்டின படம் அது. கொல்கத்தாவோட வித்யாசாகர் சேது. பொழுது இறங்கி வானம் மை ஊத்தினாப்ல நீலமாகற நேரம், கேபிள் எல்லாம் விசிறியா விரிஞ்சு நிக்குது, கீழ ஹூக்ளி ஆறு ஒரு சுருக்கம் கூட இல்லாம பாலாடை மாதிரி படிஞ்சு கெடக்கு. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னுட்டுதான் உக்காருவாங்க. ஒரு போட்டியில ரெண்டாவது பரிசு கூட வாங்குச்சு, நடுவர் ஒருத்தர் "ரொம்ப க்ளீனான ஃப்ரேம்"னு எழுதிக் குடுத்தார். அப்ப அத நாலு பேர்கிட்ட காட்டி சந்தோஷப்பட்டேன். இப்ப அந்த க்ளீன்ங்கற வார்த்தைதான் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது.

நான் திருச்சிக்காரன். வேலைக்காக கொல்கத்தா வந்து ஒம்பது வருஷம் ஆச்சு. எனக்குப் பாலம்னா காவேரிப் பாலமும் கொள்ளிடப் பாலமும்தான், வரிசையா தூண் ஊனி, முழங்கால் தண்ணியில இறங்கி நடந்து போற ஆள் மாதிரி இருக்கும். அதனால, சாந்த்ராகாச்சியில ரயில் இறங்கி டாக்ஸி பிடிச்சு, டோல் கேட் தாண்டி முதல் தடவ இந்தப் பாலத்து மேல ஏறினப்போ ஏதோ தூக்கிட்டுப் போற மாதிரி இருந்துச்சு. ரெண்டு பக்கமும் கேபிள் ஓடி ஓடிப் பின்னாடி போகுது, கீழ பார்த்தா ஆறு, ஆனா ஆத்துக்குள்ள காலே இல்ல. 823 மீட்டர் நீளப் பாலம், அதுல நடுவுல இருக்கற 457 மீட்டர் அப்படியே அந்தரத்துல, ரெண்டு கரையோரமும் நிக்கற 127 மீட்டர் உயரக் கோபுரத்துல இருந்து கேபிள்தான் அதத் தூக்கிப் பிடிச்சிருக்கு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இத ஒழுங்கா ஒரு படம் எடுக்கணும்னு.

எடுக்கறது ஒண்ணும் லேசு இல்ல. இவ்ளோ பெரிய பாலம் ஃப்ரேம்ல அடங்கணும்னா அகலமாப் பிடிக்கற வைட் லென்ஸ் போடணும், வைட் போட்டு கேமராவ கொஞ்சம் மேல தூக்கினா நெட்டுக்குத்தா நிக்கற கோபுரம் ரெண்டும் உள்பக்கமா சாய ஆரம்பிச்சிடும். அடங்கினா கேபிள் நூல் நூலா மெலிஞ்சு காணாமப் போகும், தூரத்தக் கிட்ட இழுக்கற டெலி லென்ஸ் போட்டுக் கேபிளப் பிடிச்சா இது எந்தப் பாலம்னே தெரியாது. குளிர்காலத்துல புகையும் பனியும் சேர்ந்து ஹவுராப் பக்கத்துக் கோபுரத்த முழுங்கிடும், ஏப்ரல் மே வெயில்ல வானம் வெளிறிப் போய்க் கெடக்கும். மழைக்காலத்துல ஒரு பாட்டம் பெஞ்சு ஓய்ஞ்ச சாயங்காலம், அதுதான் நேரம், காத்து கழுவி விட்ட மாதிரி இருக்கும், அக்கரை லைட்டு கூட ஊசி முனை மாதிரி தெரியும்.

பிரின்செப் காட்ங்கற படித்துறையில இருந்துதான் எல்லாரும் எடுப்பாங்க. அங்க வெள்ளைத் தூண் வரிசையா நிக்கற மண்டபம் ஒண்ணு இருக்கு, ஜேம்ஸ் பிரின்செப் நினைவா 1843-ல கட்டினது, அந்தத் தூண் முன்னாடியும் பாலம் பின்னாடியும் வர்ற மாதிரி ஒரு படம், கூகுள்ல போட்டா அதே படம் ஆயிரம் வரும். கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்கற ஷூட் நடக்காத நாளே கெடையாது. மண்டபம் கட்டினப்போ ஆறு அதோட காலடியில இருந்திருக்கு, அப்புறம் விலகிப் போயிடுச்சு, இப்ப நடுவுல ரயில் தண்டவாளம் ஓடுது, சர்க்குலர் ரயிலுக்கு அங்க ஒரு ஸ்டேஷன் கூட இருக்கு. நான் தண்டவாளம் தாண்டி, படித்துறைக்குப் போய் நிப்பேன். மண்டபத்த விட்டுட்டு வெறும் பாலமும் ஆறும் மட்டும் வேணும் எனக்கு.

ரெண்டு நிமிஷம் எட்டு செகண்ட்

கேமரா வச்சிருக்கறவங்களுக்கு என்டி ஃபில்டர் தெரிஞ்சிருக்கும், லென்ஸுக்கு மாட்டற கறுப்புக் கண்ணாடி. நான் வச்சிருக்கறது 10 ஸ்டாப். அதாவது வெளிச்சத்த ஆயிரத்துல ஒரு பங்காக் குறைச்சிடும், அது இல்லாம எட்டுல ஒரு பங்கு செகண்ட்ல முடியற படத்துக்கு அது போட்டா ரெண்டு நிமிஷம் எட்டு செகண்ட் ஷட்டர் தொறந்தே இருக்கணும். அந்த ரெண்டு நிமிஷமும் அசையாம இருக்கறது மட்டும்தான் படத்துல நிக்கும். அசையற எதுவும் நிக்காது. அலை வழுவழுன்னு ஆயிடும், மேகம் பஞ்ச இழுத்து விட்ட மாதிரி நீளும், படித்துறையில குளிக்கறவன், பூ விடறவ, குறுக்க ஓடற நாய் யாருமே இருக்க மாட்டாங்க. கூட்டம் நெரியற ஊர்ல இருந்துக்கிட்டு ஆளே இல்லாத படம் எடுக்க இதவிட நல்ல வழி கெடையாதுன்னு எனக்கு அப்ப ஒரே பெருமை.

ஹால்ல மாட்டின படத்த அப்படித்தான் எடுத்தேன். ஆகஸ்ட் மாசம், மழை விட்டு அரைமணி நேரம் ஆயிருந்துச்சு. வீட்டுக்கு வந்து லேப்டாப்ல போட்டுப் பார்த்தா எல்லாம் நெனச்ச மாதிரியே வந்திருக்கு, ஒண்ணே ஒண்ணத் தவிர. தண்ணிக்கு மேல, கொல்கத்தாப் பக்கத்துக் கோபுரத்தோட அடியில இருந்து ஆரம்பிச்சு ஃப்ரேம்ல கால்வாசி தூரத்துக்கு மஞ்சளா ஒரு இழை. தலைமுடி கனம்தான் இருக்கும். ஒரே நேர்கோடாவும் இல்ல, பொடிசு பொடிசா நெளிஞ்சு, கோபுரத்துக்கிட்ட மட்டும் வெளிய வளைஞ்சு போகுது. ஏதோ படகுல இருந்த விளக்கு. படகு கரைஞ்சு போச்சு, விளக்கு மட்டும் கோடா நின்னுடுச்சு. எனக்கு அது கண்ண உறுத்துச்சு. லைட்ரூம்னு படம் திருத்தற சாஃப்ட்வேர்ல, கறை அழிக்கற ஹீலிங் டூல எடுத்து ஏழு இடத்துல தேய்ச்சேன், அஞ்சு நிமிஷ வேலை, கோடு போச்சு. அன்னிக்கு நிம்மதியாத் தூங்கினேன்.

காகு கேட்டது

அந்தத் துறையில ஒரு படகுக்காரர் இருக்கார், அறுபது வயசுக்கு மேல இருக்கும். நான் காகுன்னு கூப்பிடுவேன், இங்க சித்தப்பா முறைக்கு அப்படித்தான் கூப்பிடுவாங்க. பழக்கம் எப்படின்னா, வந்த புதுசுல ஒருநாள் கடைசிப் படியில ட்ரைபாட போட்டு நின்னுட்டிருந்தேன், திடீர்னு எல்லாப் படகுக்காரங்களும் கயித்த அவுத்துக்கிட்டு நடு ஆத்துக்குப் போறாங்க. இவர் மட்டும் என்னப் பார்த்து "பான் ஆஷ்சே! மேல போங்க, மேல போங்க!"ன்னு கத்தினார். எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா அந்தக் குரல்ல பயந்து ட்ரைபாடோட பத்துப் படி ஏறிட்டேன். கொஞ்ச நேரத்துல கடல் பக்கமிருந்து ஆத்த எதுத்துக்கிட்டு ஒரு தண்ணிச் சுவர் வந்துச்சு, நான் நின்ன படிய அறைஞ்சு மூடிட்டு வடக்க போயிடுச்சு. அமாவாசை பௌர்ணமிய ஒட்டி பெரிய ஓதம் ஏறறப்போ ஹூக்ளியில வர்றது, பான்னு சொல்றாங்க. கரையில கட்டியிருந்தா படகு படியில மோதி ஒடைஞ்சிடும், அதனாலதான் நடுவுல போய் நிக்கறாங்க. காவேரி ஒரே பக்கம்தான் ஓடும், கீழ்ப்பக்கம் ஓடறதுதான் ஆறுன்னு நெனச்சிட்டிருந்தவன் நான். இங்க ஆறு தினமும் ரெண்டு தடவ திரும்பி ஓடுது. தண்ணி ஏறினா ஜோவார், இறங்கினா பாட்டா. இங்க படகுக்காரங்களுக்குக் கடிகாரமே அதுதான்.

அதுக்கப்புறம் எப்பப் பார்த்தாலும் நின்னு பேசுவோம், என் அரைகுறை வங்காளத்துல. பரிசு வந்த சந்தோஷத்துல அந்தப் படத்த சின்னதா, போஸ்ட்கார்டு சைஸுல ஒண்ணு பிரிண்ட் போட்டு அவர்கிட்ட குடுத்தேன். கைய லுங்கியில தொடச்சிட்டு வாங்கினார். தூரத்துல பிடிச்சுப் பார்த்தார், கிட்டத்துல பார்த்தார். பாலம் அழகா இருக்குன்னார். அப்புறம் விரல தண்ணி மேல வச்சு "இது ஜோவாரா, பாட்டாவா?"ன்னு கேட்டார்.

தெரியல காகு, ஞாபகம் இல்லன்னேன்.

"ஞாபகம் எதுக்கு தாதா, தண்ணியப் பார்த்தா தெரியணுமே. இதுல தண்ணியவே காணோமே." தாதான்னா இங்க அண்ணன்.

நான் சிரிச்சு மழுப்பினேன். அவர் சிரிக்கல, கோவமும் படல, படத்தையே பார்த்துட்டு இருந்தார். "மழை விட்டதும் எடுத்ததுதானே, நீங்க மூணுகால் ஸ்டாண்ட வச்சுக்கிட்டு நின்னீங்களே அன்னிக்கு? நான் அப்ப அக்கரையில இருந்து சவாரிய இறக்கிட்டு வந்துக்கிட்டிருந்தேன். உங்களப் பார்த்துக் கை கூடக் காட்டினேன். அரிக்கேன் ஏத்தித் தொங்க விட்டிருந்தேன். படகு எங்க?"

அரிக்கேன்னுதான் அவரும் சொன்னார், எங்க ஆத்தா சொல்ற அதே வார்த்தை, கிட்டத்தட்ட அதே உச்சரிப்பு. அந்த ஒரு வார்த்தையில எனக்கு எல்லாம் விளங்கிடுச்சு. அந்த மஞ்சக் கோடு இவர்தான். நான் ஏழு தடவ தேய்ச்சு அழிச்சது இவரத்தான்.

கேமரா அப்படித்தான் காகு, அசையறது எதுவும் விழாதுன்னு சொல்லிட்டேன். பாதி நெஜம். விழுந்தத நானே அழிச்சேன்னு மட்டும் சொல்லல. "அப்படியா"ன்னு தலையாட்டிட்டு, படத்த நனையாம இருக்கட்டும்னு மேல்கூரைக்குள்ள சொருகி வச்சார். இவ்ளோதான் நடந்தது. மூணு வருஷமா அந்தத் தலையாட்டல் என்ன விடல. படம் மட்டும் ஹால்லயே தொங்கிட்டிருந்துச்சு.

மூடின பாலம்

கேபிள், பேரிங் மாத்தற வேலைக்காக அப்பப்ப பாலத்த மூடறாங்க. அப்படி மூடியிருந்த ஒரு ஞாயித்துக்கிழமைதான் போன மாசம் நான் போனது. வண்டியே இல்லாத சேது, ஃபோட்டோ எடுக்கறவங்களுக்கு இதவிட என்ன வேணும். துறையில போய் நின்னதும் ஏதோ ஒண்ணு சரியில்லாத மாதிரி இருந்துச்சு, என்னன்னு புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. சத்தம் இல்ல. பாலத்தோட இணைப்புல பஸ்ஸு, லாரி ஏறி இறங்கறப்போ டடக் டடக்னு ஒரு சத்தம் ராத்திரி பகல் வந்துக்கிட்டே இருக்கும், அது இருக்கறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. ஒரு படம் எடுத்துத் திரையில பார்த்தேன். வெறும் பாலம். சத்தமில்லாம, ஆளில்லாம, வண்டியில்லாம. அது அப்படியே எங்க ஹால் படம்தான். ஒருத்தருக்கும் உபயோகப்படாம நிக்கற நாள்ல பாலம் எப்படி இருக்குமோ, அதத்தான் நான் மூணு வருஷமா அழகுன்னு மாட்டி வச்சிருக்கேன்.

1972 மே மாசம் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டி, 1979-ல வேலை தொடங்கி, 1992 அக்டோபர் 10-ந் தேதி தொறந்தாங்க. இருபது வருஷம். என் ஆபீஸ்ல ஒரு பெரியவர் இருந்தார், ஸ்கூல் படிக்கறப்போ அடிக்கல்லப் பத்திப் பேப்பர்ல படிச்சு, கல்யாணம் ஆகி, பிள்ளை பொறந்து, அந்தப் பிள்ளைய ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வச்சுக்கிட்டு முதல் தடவ பாலத்துல போனாராம். அப்படிக் காத்துக் கெடந்த பாலம் இது. டிசைன் ஜெர்மனியில ஷ்லாய்ஷ் பெர்கர்மான் கம்பெனி போட்டது. அந்தக் காலத்துல பெரிய இரும்புப் பாலம்னா வெளிநாட்டுல வெல்டிங்தான், ஆனா இங்க ரிவெட் ஆணி அடிச்சு இணைச்சிருக்காங்க, அதுக்குப் பழகின கை இங்க இருந்துச்சு. 1943-ல வந்த ஹவுரா பாலம் ரிவெட்லதான் நிக்குது, அதே கைவேலையோட தொடர்ச்சி. கேபிள் பாலம்ங்கறது புது முறை, கட்டினது பழைய கை. அத்தனை பேர் கை பட்ட ஒண்ண ஆள் கைபடாத பொருள் மாதிரி காட்டறதுக்கு நான் ஃபில்டர் வாங்கி வச்சிருக்கேன்.

இன்னொண்ணு யோசிக்க யோசிக்க மனசக் கொடைஞ்சது. இந்தப் பாலம் எதுக்கு இப்படி அந்தரத்துல நிக்குது? ஆறு போகட்டும்னுதான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தோட தூண் சரிஞ்சு விழுந்தப்போ நான் ஊர்லதான் இருந்தேன், ஆத்துக்குள்ள கால் வச்ச பாலத்துக்கும் தண்ணிக்கும் நடக்கற சண்டை என்னன்னு கண்ணால பார்த்தவன். இங்க அந்தச் சண்டையே வேணாம்னு 457 மீட்டரையும் ஒரே தாவாத் தாண்டி நிக்குது, தண்ணியில இருந்து 26 மீட்டர் உயரத்துல. கீழ ஓதம் ஏறட்டும் இறங்கட்டும், படகு போகட்டும், ஃபெர்ரி போகட்டும்னு வழி விட்டிருக்கு. அந்தக் கேபிள் அத்தனையும் எனக்கு அழகா தெரியறதுக்குக் காரணமே கீழ ஒரு படகு போகணும்ங்கறதுதான். அந்தப் படகத்தான் நான் க்ளீன் பண்ணிட்டேன்.

பிரின்செப் பத்தியும் ஒரு வார்த்தை. அவர் பேர்ல இருக்கற மண்டபத்த நான் பார்த்த விதம், ஃப்ரேம்ல வராம ஒதுக்க வேண்டிய ஒரு கட்டடம்ங்கற அளவுலதான். 1837-ல பிராமி எழுத்தப் படிச்சுச் சொன்ன மனுஷன் அவர். பாறையிலயும் தூண்லயும் கெடந்த கோடு, அதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் சொல்லாத கோடு, அசோகர் பேச்சா மாறினது அவராலதான், நம்ம ஊர் மாங்குளம் குகையில இருக்கற தமிழ் பிராமியப் பின்னாடி படிக்க முடிஞ்சதுக்கும் அடிப்படை அதுதான். அவர் நினைவு மண்டபத்துக்குக் கூப்பிடு தூரத்துல நின்னு எடுத்த படத்துல இருந்து ஒரு கோட்ட நான் கறைன்னு நெனச்சுத் தேய்ச்சிருக்கேன்.

ஏழு புள்ளி

படத்தக் கழட்டின அன்னிக்கு ராத்திரியே பழைய ஹார்ட் டிஸ்க்க எடுத்தேன். லைட்ரூம்ல ஒரு நல்லது என்னன்னா, தேய்ச்சது ஒரிஜினல்ல விழாது, தனியா ஞாபகம் வச்சிருக்கும். படத்தத் தொறந்து ஹீலிங்க அமுக்கினதும் ஏழு இடத்துலயும் சின்னச் சின்னதா வட்டம் தெரிஞ்சது. ஒவ்வொண்ணா க்ளிக் பண்ணி டிலீட் அடிச்சேன். ஒவ்வொரு தடவையும் கோடு ஒரு துண்டு திரும்பி வந்துச்சு, வலது ஓரத்துல இருந்து கோபுரத்துப் பக்கமா, படகு வந்த வழியில திரும்பிப் போற மாதிரி. கடைசி வட்டம் கோபுரத்தடியில அந்த வளைவு மேல இருந்துச்சு. அதையும் எடுத்ததும் முழு இழையும் வந்துடுச்சு. நூறு சதம் ஜூம் பண்ணிப் பார்த்தேன். அந்தப் பொடி நெளிவு எல்லாம் ஒரே அளவு இடைவெளியில இருக்கு. துடுப்பு. ஒவ்வொரு தடவ துடுப்பு போடறப்பவும் படகு கொஞ்சம் எழும்பி இறங்க, தொங்கற அரிக்கேன் கூடவே எழும்பி இறங்கியிருக்கு. எண்ணிப் பார்த்தேன், அந்த ரெண்டு நிமிஷத்துல அறுபத்திரண்டு துடுப்பு.

மறுபடி பிரிண்ட் போட்டேன், அதே 36 இஞ்ச். பாலம் தொறந்திருந்த ஒரு சாயங்காலம் அத உருட்டி எடுத்துக்கிட்டுத் துறைக்குப் போனேன். டடக் டடக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. காகு படகுல உக்காந்து பீடி குடிச்சிட்டிருந்தார். முதல்ல விஷயத்தச் சொன்னேன், கேமரா அழிக்கல காகு, நான்தான் அழிச்சேன், தப்புன்னு. அவர் பீடிய அணைச்சிட்டு, "காட்டுங்க"ன்னார். படகுப் பலகை மேல விரிச்சேன், காத்துல சுருட்டிக்கிட்டே இருந்துச்சு, ஒரு ஓரத்துல அவர் முழங்கால வச்சுக்கிட்டார், இன்னொரு ஓரத்துல அந்த அரிக்கேன வச்சார்.

பாலத்தப் பார்க்கவே இல்ல. நேரா கோட்டுக்குப் போயிட்டார். நகம் கறுத்த விரல, பேப்பர்ல படாம ஒரு நூல் உசரத்துல வச்சுக்கிட்டு, கோட்டோட கூடவே மெதுவா நகர்த்தினார், வாய்க்குள்ள ஏதோ சொல்லிக்கிட்டே. வளைவு வந்ததும் விரல் நின்னுச்சு.

"ஜோவார்" என்றார். "இங்க பாருங்க, தூண் அடியில தண்ணி சுத்தும். ஜோவார் ஏறறப்போ மட்டும்தான் இந்தப் பக்கம் சுத்தும். கிட்டப் போனா படக இழுத்துக் கல்லுல வைக்கும். அதான் வெளிய எடுத்திருக்கேன்."